பளீல் பக்கத்து மதில்

விவேகானந்தனுக்குப் புது நகரமொன்று கிடைத்தால் முதல் வேலையாகக் கிணறு வெட்டுவார். பிறகு சுற்றிவர மதில் கட்டுவார். அந்த நகரத்துச் சனத்துக்குச் சாப்பாடு, சந்தை, பள்ளிக்கூடம் எல்லாம் அதற்குப் பிறகுதான். நகரம் இருப்பது கணினித் திரையில் என்பதும், அது ஆற்றங்கரையில் இருந்தால் கிணறே தேவையில்லை என்று விளையாட்டு தானே எழுதிக் காட்டுகிறது என்பதும் அவரை அசைக்கவில்லை. மகாவலி ஓடுகிற ஊரில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர்தான். என்றாலும் ஆற்றை நம்பிக் குடியிருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு இன்னும் வரவில்லை. அவர் பிறந்த உரும்பிராயில் ஆறு கிடையாது. காணி வாங்கினால் கிணறு, கிணற்றுக்குப் பிறகு வேலி. வேலி போட வசதி வந்தவர்கள் மதில் கட்டினார்கள். அதற்குப் பிறகு வீடு.

அந்த விளையாட்டை மகன் யதுர்சன் மெல்பேர்னுக்குப் போகுமுன் வீட்டுக் கணினியில் விட்டுவிட்டுப் போனான். காட்டு நிலத்தில் ஒரேயொரு குடியேற்றத்தோடு தொடங்கி பேரரசு ஒன்றைக் கட்டியெழுப்ப வேண்டும். சதுரங்கம் போல ஆளுக்கொரு முறை. ஒரு நகரம் ஒரே நேரத்தில் ஒரு கட்டடத்தைத்தான் கட்டும். சந்தை எழும்பும்வரை களஞ்சியம் காத்திருக்க வேண்டும். களஞ்சியம் எழும்பும்வரை பாடசாலை. அதனால் எதை முதலில், எதைப் பிறகு என்ற வரிசைதான் ஆட்டமே. படை, போர் எல்லாம் அந்த வரிசையின் விளைவுகள். இதை விவேகானந்தன் முதல் வாரத்திலேயே விளங்கிக்கொண்டார். விளங்கிக்கொண்டும் தோற்றுக்கொண்டிருந்தார். எரிச்சல் அங்கேதான் தொடங்கியது.

கண்டி நில அளவைக் கந்தோரில் படம் வரைபவராக வேலைக்கு வந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். காணிகளின் எல்லைக்கோடுகளை மை சிந்தாமல் வரைந்த கை. ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. கூட வேலை செய்தவர்களில் சிலர் ஊருக்குப் போய்விட்டார்கள், சிலர் பிள்ளைகளோடு வெளிநாட்டில். மனைவி மங்களேஸ்வரிக்குக் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் இருந்தது, அங்கே கதைக்க ஆட்களும் இருந்தார்கள். விவேகானந்தனுக்குக் கோயிலில் கும்பிடத்தான் தெரியும், கதைக்கத் தெரியாது. மத்தியானம் தூங்கி எழும்பினால் பின்னேரம் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.

பளீலின் சிநேகிதம் கிடைத்தது அந்தக் காலத்தில்தான். கெலிஓயாவில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். தண்ணீர்க் குழாய்க்கு ஒரு மூட்டு வாங்கப் போன விவேகானந்தன், காசாளர் மேசையில் பளீலின் திரையைக் கண்டு நின்றுவிட்டார். அதே விளையாட்டு. “அந்தத் துறைமுகத்துக்குப் பக்கத்திலை மதில் இல்லையே” என்றார். “மதில் என்னத்துக்கு, கப்பல் வரட்டுமே” என்றார் பளீல். குழாய் மூட்டை மறந்து இருவரும் ஒரு மணி நேரம் வாதாடினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டு என்று தெரிந்தும், விவேகானந்தன் மூட்டு வாங்கவென்று திரும்பப் போனார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போவதற்குக் காரணம் தேவைப்படவில்லை. அவர் பளீலை அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்றார், பளீல் அவரை ‘ஐயா’ என்றார்.

ஞாயிறு கடை பூட்டு. பின்னறையில், பெயின்ட் வாளிகளுக்கும் குழாய்க் கட்டுகளுக்கும் நடுவே, ஒரு மேசையில் இரண்டு கணினிகள், இரண்டு கதிரைகள். எதிரணி கடுகண்ணாவையில். பளீலின் சகோதரி மகள் மஸாஹிரா, கணித ஆசிரியை. அவள் கணவன் அம்ஜத். அவர்கள் தங்கள் வீட்டிலிருந்து இணையத்தில் விளையாடுவார்கள். இந்தப் பக்கம் பளீலும் விவேகானந்தனும் நட்பு நாடுகள். பக்கத்துப் பக்கத்தில் நிலம், ஒருவர் தோற்றால் இருவரும் தோற்றார்கள்.

மூன்று ஆட்டம் தோற்றார்கள். ஒவ்வோர் ஆட்டமும் பல வாரம் இழுத்து, கடைசியில் ஒரே மாதிரி முடிந்தது. விவேகானந்தனின் நகரங்கள் அழகான மதில்களுக்குள்ளே பட்டினி கிடந்தன. சனம் பெருகவில்லை. சனம் இல்லாமல் உழைப்பு இல்லை, உழைப்பு இல்லாமல் அடுத்த கட்டடம் இல்லை. மஸாஹிரா களஞ்சியம் கட்டி, பாடசாலை கட்டி, மதில் என்ற ஒன்றை நினைக்காமலே பெருத்து வந்து, கடைசியில் கவண்பொறிகளால் அந்த மதில்களை உடைத்தாள். “அங்கிள், ஒங்கட செவரு மிச்சம் வடிவு, ஒடைக்க மனசு வரல்ல” என்று திரையில் எழுதி அனுப்பிவிட்டு உடைத்தாள்.

மூன்றாவது தோல்விக்குப் பிறகு பளீல் பால் கலக்காத பிளேன்ரீயைக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னார்: “ஐயா, இந்த நாலாவது ஆட்டத்தயும் பாப்போம். இதுலயும் இப்படித்தான் எண்டா, நம்மட கணேஸ ஒங்கட கதிரைல இருத்தப் போறன்.”

கணேஸ் ஹந்தானையைச் சேர்ந்தவன், கடையில் கணக்குப் பார்ப்பவன். விவேகானந்தன் சிரித்தார். பளீலும் சிரித்தார். ஆனால் பளீல் சிரித்து முடித்த பிறகும் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை என்பதை விவேகானந்தன் கவனித்தார். பேராதனைப் பாலம் தாண்டி பஸ் கண்டிக்கு ஊர்ந்துகொண்டிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு வாரத்தை அவர் நினைத்துப் பார்த்தார். திங்கள், செவ்வாய் என்று எண்ணிக்கொண்டு போனால் கடைசியில் ஒன்றும் இல்லை. திரும்பவும் திங்கள்.

வீட்டில் மங்களேஸ்வரி விஷயத்தைக் கேட்டுவிட்டு, அரிசி களைந்த கையோடு வந்து நின்றாள். “சாப்பாடில்லாத ஊருக்கு மதில் என்னத்துக்கப்பா? ஆர் வந்து என்னத்தைக் களவெடுக்கிறது?”

“உமக்கு உது விளங்காது.”

“எனக்கு விளங்காட்டிலும் அந்தப் பிள்ளைக்கு விளங்கியிருக்கு. மூண்டு தரம் வெண்டிட்டாள்.”

அந்த நாலாவது ஆட்டத்தில் விவேகானந்தன் தன் கையைத் தானே கட்டிப் போட்டார். புது நகரத்துக்கு மங்களபுரம் என்று பெயர் வைத்தார். கிணறு வெட்டவில்லை. மதில் கட்டவில்லை. களஞ்சியத்தை வரிசையின் தலையில் வைத்தார். திறந்து கிடந்த நகரத்தைப் பார்க்கப் பார்க்க, கதவு பூட்டாமல் வீட்டை விட்டு வந்தவர் மாதிரி அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு முறையும் எல்லையைச் சுற்றி ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் முறையை முடித்தார். பளீல் பொறுமையிழந்து மேசையைத் தட்டுவார்: “யாரும் வரல்ல ஐயா. முறைய முடிங்க.”

ஆனால் சனம் பெருகிற்று. மங்களபுரத்துக்குச் சந்தை வந்தது. மஸாஹிரா எழுதி அனுப்பும் கேலி குறைந்தது. ஒரு ஞாயிறு பளீல் வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. விவேகானந்தனின் தட்டில் இரண்டு துண்டு. அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். தான் நினைத்தபடி கட்டாத ஒரு நகரம் தன்னை வெல்ல வைக்கிறதே என்ற கோபத்தோடு வட்டிலப்பத்தைச் சாப்பிட்டார்.

ஐப்பசி மழை கொட்டிய ஒரு ஞாயிறு. ஆட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. பளீலின் மலையடி நகரத்தில் பெருஞ்சந்தை ஒன்று முடியும் தறுவாயில் இருந்தது. அதிலிருந்து புறப்படும் வண்டிகள் மங்களபுரத்து நிலத்துக்குள்ளால் போய்க் கடற்கரைத் துறைமுகத்தை அடையும். அந்த வருமானத்தில் இருவரும் படை திரட்டி மஸாஹிராவை ஆற்றுக்கு அப்பால் தள்ளுவதென்று திட்டம். அந்த நேரம் கைத்தொலைபேசி அடித்தது. பளீலின் தெருவில் ஒருவர் மௌத்து. மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா அடக்கம்.

பளீல் எழும்பித் தொப்பியைப் போட்டார். “என்ட முறையையும் நீங்களே போடுங்க, ஐயா. பெருஞ்சந்தைய மட்டும் தொடாதீங்க. அது தானா முடியும்.”

“நான் ஏன் உங்கட ஊரைத் தொடப்போறன்?” என்றார் விவேகானந்தன். அது உண்மை. அவர் பளீலின் நகரங்களில் ஒன்றையும் தொடவில்லை. பளீலின் திரையில் முறையை முடிக்கிற பொத்தானை மட்டும், ஒரு விரலால், மரியாதையாக அழுத்தினார்.

தொட்டது தன்னுடையதைத்தான். மங்களபுரம் ஒரு கட்டடத்தை முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று கேட்டது. வரிசையில் இரண்டாவது களஞ்சியம், அல்லது ஆற்றுப்பக்கக் காவற்கோபுரம் என்று பளீலோடு பேசியிருந்தார். அவர் வரைபடத்தைக் கிட்ட இழுத்துப் பார்த்தார். மங்களபுரத்தின் வயலும் பளீலின் மலையடி நகரத்து வயலும் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் ஒன்றும் இல்லை. எது யாருடையது என்று நிறத்தை வைத்துத்தான் சொல்லலாம். பளீலின் உழவர்கள் இரண்டு கட்டம் இங்கால் வந்து உழுதுகொண்டிருந்தார்கள். வேண்டுமென்று செய்ததல்ல. எல்லை தெரியாததால் வந்தது.

இது அவருக்குப் பழக்கமான காட்சி. கந்தோரில் அவர் மேசைக்கு வந்த காணிச் சண்டைகளில் முக்கால்வாசி இப்படித்தான் தொடங்கியிருந்தன, அதுவும் பகையாளிகளுக்கிடையில் அல்ல, அண்ணன் தம்பிகளுக்கிடையில். சொந்தக்காரர்தானே என்று கோடு போடாமல் விடுகிறார்கள். பிள்ளைகள் காலத்தில் கத்தி எடுக்கிறார்கள். அவருடைய ஊரில் சகோதரங்களுக்குள்ளே காணி பிரித்தால் அந்தக் கிழமையே நடுவில் வேலி எழும்பும். யாரும் கோபிக்க மாட்டார்கள். இனிமேல் கோபிக்கத் தேவையில்லை என்பதற்காகத்தான் அந்த வேலி.

விளையாட்டில் எல்லை மதில் என்றே ஒரு கட்டடம் இருந்தது. எந்தக் கட்டங்கள் வழியாகப் போக வேண்டும் என்று நாமே கோடு இழுக்கலாம். விவேகானந்தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மலையடியிலிருந்து கடற்கரைவரை கோடு இழுத்தார். ஓர் இடத்தில் கோடு கோணியது. அழித்துத் திரும்ப இழுத்தார். பளீலின் உழவர்கள் உழுத அந்த இரண்டு கட்டத்தையும் பளீல் பக்கமே விட்டுக்கொடுத்தார்; சிநேகிதத்தில் இரண்டு கட்டம் பெரிதல்ல. வரிசையின் தலையில் அதை வைத்தார். சேர்த்து வைத்திருந்த பொன்னைக் கொட்டி வேலையை விரைவுபடுத்தினார். இந்த ஆட்டம் தொடங்கிய நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

பளீல் திரும்பி வந்தபோது காற்சட்டையின் கால்களில், அடக்கம் செய்த மையவாடிச் செம்மண். குடையைச் சுவரில் சாத்திவிட்டுத் தன் திரையைப் பார்த்தார். பிறகு கண்ணைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“ஐயா, இது என்ன?”

“எல்லை.”

“என்ட வண்டியெல்லாம் ஏன் நிக்கிது?”

விவேகானந்தன் எட்டிப் பார்த்தார். பெருஞ்சந்தை முடிந்திருந்தது. அதிலிருந்து புறப்பட்ட வண்டிகள் மதிலடியில் வரிசையாக நின்றன. அதற்குக் கீழே விளையாட்டு சிவப்பெழுத்தில் ஒரு செய்தி போட்டிருந்தது: உங்கள் நட்பு நாடு உங்கள் எல்லையில் அரண் எழுப்பியுள்ளது, நம்பிக்கை குறைந்துள்ளது.

பளீல் அதை வாசித்தார்.

“எனக்கெதிராவா கட்டீக்கிறீங்க?”

“எதிராய் இல்லை நானா. உங்களுக்காகத்தான். எல்லை தெரியாட்டி நாளைக்கு எங்களுக்குள்ளை வில்லங்கம் வரும். உங்கட ஆக்கள் உழுத துண்டையும் உங்கட பக்கமே விட்டிருக்கிறன், வடிவாய்ப் பாருங்கோ.”

“நாளைக்கு வில்லங்கம் வருமோ வராதோ, இண்டைக்கு வந்தீக்கிது. அந்தப் பக்கம் ஒரு கதவாவது வெச்சீங்களா?”

அதுதான் அவருக்குத் தெரியாமல் போன இடம். மதிலில் வாயில் வைக்கலாம். ஆனால் வாயில் தனிக் கட்டடம். பொறியியல் படித்த நாடுதான் அதைக் கட்டலாம். பொறியியல் படிக்கப் பாடசாலை வேண்டும். மங்களபுரத்தில் பாடசாலை வரிசையின் கடைசியில் கிடந்தது. உண்மையான மதிலில் எவனாவது வாயில் வைக்கப் படித்துவிட்டு வருவானா? இந்த விளையாட்டைச் செய்தவன் ஒரு மதிலையாவது கிட்ட நின்று பார்த்திருப்பானா? விவேகானந்தன் திரையைப் பார்த்து இதையெல்லாம் கேட்டார். திரை அடுத்தது என்ன கட்டுவதென்று அவரைக் கேட்டது.

“இடிச்சுப் போடுறன்” என்றார்.

இடிப்பதற்கும் முறைகள் வேண்டும். கட்ட எடுத்ததைவிட அதிகம். அந்த முறைகளில் மங்களபுரத்து உழைப்பு முழுவதும் தான் கட்டியதைத் தானே உடைப்பதில் போனது. ஆற்றுப் பக்கம் காவற்கோபுரம் இல்லை. மஸாஹிரா ஆற்றைக் கடந்தாள். மூன்று பக்கத்தில் மதில் இல்லாமல், பகையே இல்லாத நாலாவது பக்கத்தில் மட்டும் பாதி இடிந்த மதிலோடு மங்களபுரம் விழுந்தது. “அங்கிள், மாமாவுக்கும் ஒங்களுக்கும் சண்டையா? சண்டை முடியும்வரைக்கும் இருக்கட்டுமா?” என்று எழுதினாள்.

அஸர் தொழுகைக்கு அழைப்புக் கேட்டது. பளீல் கணினியை நிறுத்தினார்.

“எங்கட ஊரிலை அண்ணன் தம்பிக்கும் நடுவிலை மதில் இருக்கும் நானா” என்றார் விவேகானந்தன். “அதிலை ஒரு குறையும் இல்லை.”

“என்ட வீட்டுக்கும் தம்பிட வீட்டுக்கும் நடுவுல செவரே இல்ல ஐயா. என்ட கோழி அவன்ட முத்தத்துலதான் முட்ட போடுது.” பளீல் கோப்பைகளை எடுத்துக்கொண்டு நின்றார். “வார ஞாயிறு கணேஸ வரச்சொல்றன்.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

“என்ரை பேரிலை இருந்த ஊரையோ குடுத்திட்டு வந்து நிக்கிறீங்கள்?” என்றாள் மங்களேஸ்வரி. பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சோற்றைப் போட்டாள். அந்தக் கிழமை முழுக்க அவர் எரிந்து விழுந்தார். தபால்காரன் கேற்றைத் திறந்து விட்டுவிட்டுப் போனதற்கு, பக்கத்து வீட்டு மாமரக் கிளை இந்தப் பக்கம் சாய்ந்ததற்கு, மழைக்கு. புதன்கிழமை, தான் செய்தது பிழையில்லை என்று மங்களேஸ்வரிக்கு ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, “ஓம், நல்ல நேர்க்கோடு” என்றாள்.

ஞாயிறு காலை சேர்ட் போட்டுக்கொண்டு நின்றார்.

“எங்கை போறியள்? கதிரையிலை அந்தப் பெடியன் எல்லோ இருப்பான்.”

“குழாய் மூட்டு ஒண்டு வாங்கோணும்.”

“ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டெல்லோ.”

அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

பின்னறையில் கணேஸ் அவருடைய கதிரையில்தான் இருந்தான், மங்களபுரம் போக மிஞ்சிய ஊர்களோடு அதே ஆட்டத்தைத் தொடர்ந்துகொண்டு. “வாங்க சார், ஒக்காருங்க” என்று எழும்பப் பார்த்தான். “இரும், இரும்” என்றார் விவேகானந்தன். பளீல் ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அவர் பக்கம் தள்ளினார்.

கணேஸ் விளையாடுவதைப் பார்ப்பது உடம்புக்குச் செய்யும் தண்டனை. நகரம் என்ன கட்டுவதென்று கேட்டால், விளையாட்டு எதைப் பரிந்துரைத்து மினுக்கிக் காட்டுகிறதோ அதை அமத்திவிட்டுப் போனான். வரைபடத்தைப் பார்க்கவேயில்லை. பாதி எழும்பிய களஞ்சியத்தை நிறுத்திவிட்டு நூலகம் தொடங்கினான், ஏனென்றால் நூலகம் மினுங்கிற்று.

“ஏன் தம்பி அதை விட்டிட்டீர்?” என்று அடக்க முடியாமல் கேட்டார்.

“அதுதானுங்களே சார் காட்டுது. அதுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போகுது?”

விவேகானந்தன் பளீலைப் பார்த்தார். பளீல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் மோசமாகவும் போகவில்லை, நன்றாகவும் போகவில்லை. ஒருவரும் ஒருவரோடும் வாதாடவில்லை. இழந்த ஊர்களில் ஒன்று திரும்பக் கிடைத்தபோது கணேஸ் தொலைபேசியில் யாருக்கோ செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். பளீல் இரண்டு முறை கொட்டாவி விட்டார்.

“நான் வாறன்” என்று விவேகானந்தன் எழும்பினார்.

பஸ் தரிப்பில் நின்றபோது பின்னால் செருப்புச் சத்தம். பளீல். கடைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்திருந்தார்.

“களஞ்சியத்த ஏன் நிப்பாட்டினான் ஐயா அவன்?”

“என்னைக் கேக்கிறீங்கள். உங்கட ஆள்.”

“சொன்னாலும் கேக்கிறான் இல்ல. ‘சரி மொதலாளி’ங்கிறான், திரும்ப அதையே அமத்துறான். ஒங்களோட எண்டா சண்டையாவது பிடிக்கலாம்.” பளீல் வீதியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “ஒண்டு செய்வோமே. காலைல நீங்க வாங்க. லுஹருக்குப் பொறகு அவன் இருக்கட்டும். அவனுக்கும் நான் வாக்குக் குடுத்தாச்சு.”

“ஒரு கதிரைக்கு ரெண்டு பேரோ?”

“என்ன செய்ய?”

“காலமை நான் தொடங்கினதைப் பின்னேரம் அவன் நிப்பாட்டுவான்.”

“நிப்பாட்டுவான்தான்.”

“அப்ப நான் என்னத்துக்கு வாறது?”

கம்பளைப் பக்கமிருந்து பஸ் வந்து நின்றது. நடத்துனர் கண்டியைச் சிங்களத்தில் ‘நுவர, நுவர’ என்று கூவினான். விவேகானந்தன் படியில் ஒரு காலை வைத்தார். நாளைக்குத் திங்கள். ஒரு காலைப்பொழுதில் ஒரு களஞ்சியத்தின் பாதிதான் எழும்பும். அந்தப் பாதியை அந்தப் பெடியன் மினுங்கல் ஒன்றுக்காக இடையில் விடுவான். அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால் நூலகம் நிற்கும். இப்படியே ஒவ்வொரு கிழமையும். சாகும்வரைக்கும் ஒரு நகரத்தையாவது ஒழுங்காகக் கட்டி முடிக்க விடமாட்டார்கள்.

அவர் காலைக் கீழே எடுத்தார். நடத்துனர் அவரைத் திட்டிவிட்டு பஸ்ஸைத் தட்டினான்.

“வாறன். ஆனா ஒண்டு” என்றார். “பாதியிலை நிக்கிற கட்டடத்தை அவன் மாத்தக்கூடாது. முடிச்சுப்போட்டு அவன் விருப்பப்படி எதையும் கட்டட்டும்.”

“அத அவனுக்குத்தான் சொல்லணும் ஐயா. நான் சொன்னாக் கேக்க மாட்டான்.”

“நான் சொல்லுறன்” என்று விவேகானந்தன் குடையை மடக்கிக்கொண்டு, பளீலுக்கு முன்னால், கடையை நோக்கி நடந்தார்.